இரண்டரை அடி

திருச்செங்கோட்டிலிருந்து எக்ஸெல் வண்டியில்
ஆயிரம் அடி கேபிளைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு
நெருஞ்சிப்பேட்டை வந்து சேர்ந்தேன்.
எத்தனை அடி பார்க்கணும் என்றேன்.
"ரெண்டரைங்க்கா" என்றான் மாதேசு.

என் கேமராவுக்குப் பழக்கம்
ஆறரை அங்குலக் குழி, இருட்டு, பாறைச் சுவர்.
அறுநூறில் கழன்று கிடக்கும் மோட்டார்.
எண்ணூறில் எப்போதாவது ஓர் ஊற்றுக்கண்:
கல்லின் வெடிப்பில் நீர் வருவது தெரியாது,
மண் துகள் நகர்வதுதான் தெரியும்.
அதற்கே கையெடுத்துக் கும்பிட்ட காட்டுக்காரர்கள் உண்டு.
மற்றவர்கள், இன்னொருக்கா உடுங்க, என்பார்கள்.
விடுவேன்.
புழுதி.

இங்கே கதவணை சாத்தியிருந்தது.
அக்கரைப் பூலாம்பட்டி வரைக்கும் தண்ணீர்
வேலை இல்லாத ஆள் மாதிரி நின்றது.
எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு நான்கு நாள்.
படகைக் கரையேற்ற கிரேனுக்குக் காசில்லை என்றுவிட்டார் குத்தகைக்காரர்.
மாதேசு தன் சாமான்களைக் காட்டினான்:
தொரட்டிக் கோலில் கட்டிய டிப்பர் லாரிக் கண்ணாடி,
கால் கிலோ சுத்தியல்,
அப்புறம் அவன் உள்ளங்கால்.
மார்பளவு நீரில் இறங்கி
தகட்டின் ஒட்டை ஓரத்தோடு ஓரமாய்த் தேய்த்துக்கொண்டே போவானாம்.
உள்ளே வந்து எனக்காகத் தட்டினான்.
முதல் பலகைக்கு அடியில் சோற்றுக் குண்டா சத்தம்.
இரண்டு, மூன்று, அதே குண்டா.
நாலாவது பலகைக்கு அடியில்
அட்டைப்பெட்டி.

கீழே பார்க்கவென்று செய்த கண்
இன்றைக்கு மேலே பார்க்கவேண்டும்.
பிவிசி எல்போவில் கேமராவைச் செருகி
சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி
படகுக்கு அடியில் தள்ளினேன்.

பச்சை. பச்சை.
ஒரு ஜிலேபிக் கெண்டை லென்ஸை வாயால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
விசிறியில் சுற்றிய சேலைக் கிழிசல், கருஞ்சிவப்பு.
தகட்டில் அப்பிய சிப்பிகள், அம்மைத் தழும்பு கணக்காய்.
உரிந்த நீலம், அதற்கடியில் காவி, அதற்கும் அடியில்
எழுத்து.

"ர்வெல்ஸ்", அதன் கீழே
"24 மணி நேரமும்".

யாரோ கடைப் பெயர்ப்பலகையை வெட்டி
படகுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்.
எங்கள் ஊர்த் தகடு. வெயிலுக்குத்தான் தாங்கும்.

எழுத்தின் ஓரமாகவே நகர்த்தினேன்.
வெல்டிங் ஒட்டில் பென்சில் முனை அளவு ஓர் ஓட்டை.
அதை நோக்கி மண் துகள் ஒவ்வொன்றாய்,
அவசரமில்லாமல்,
உள்ளே போய்க்கொண்டிருந்தது.

தண்ணி! என்று கத்திவிட்டேன்.
பழக்கம்.
கத்தின பிறகுதான் எந்தப் பக்கம் என்று உறைத்தது.

மாதேசு திரையைப் பார்க்கவேயில்லை.
"ஒட்டுனது நாந்தானுங்க்கா.
போன வருசம், ஒரே ராத்திரீல.
அவருகிட்ட எத்தனையோ தடவ சொல்லீட்டனுங்.
காதுல கேட்டதுக்குக் காசு தரமாட்டாரு.
படமா இருந்தாத் தருவாரு."

மெமரி கார்டைக் கழற்றி அவன் கையில் வைத்தேன்.
அவன் அதைச் சட்டைப்பையில் போட்டான்,
எடுத்தான், டவுசர் பையில் போட்டான்,
மறுபடி எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

என் பில் புத்தகத்தில் அச்சடித்த கட்டங்கள்தான்.
ஆழம்: இரண்டரை அடி.
தண்ணீர், உண்டு அல்லது இல்லை:
இந்த மாதத்தில் முதன்முறையாக
உண்டு என்று டிக் அடித்தேன்.
ஆயிரத்து ஐந்நூறில் முந்நூறு குறைத்துக்கொண்டேன்.
ஏன் குறைத்தேன் என்று வண்டியில் வரும்போதும் தெரியவில்லை.

அக்கரைக்குப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர்
தக்காளிக் கூடையும் சைக்கிளுமாகக் காத்திருந்தார்கள்.
எப்பக் கெளம்பும் என்று கேட்டார்கள்.
கெளம்பாதுங் என்றான்.
ஒருத்தருக்கும் நம்பிக்கையில்லை.

நூல்மில் சீருடையில் ஒரு பெண் மட்டும்
என் தோளுக்குப் பின்னாலிருந்து
திரையை எட்டிப் பார்த்தாள்.
தினமும் நாலாவது பலகையில் உட்காருகிறவளாம்.
துகள் உள்ளே போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு, காய்ந்த படிக்கட்டில் நின்றபடியே,
செருப்போடு ஒரு காலைத்
தூக்கிக்கொண்டாள்.